ஐந்தாவது மோட்டார்

அம்மையப்பன் மில்லுக்குச் சேமியா பாக்கெட் போடும் புது மெஷின் வந்து இறங்கி, அதை ஓட வைத்துக் கொடுப்பதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து நித்யகல்யாணி என்கிற இன்ஜினியரம்மா ஒரு தோளில் லேப்டாப்பும் மறு தோளில் இரண்டு செட் உடுப்புமாக வந்து சேர்ந்த வைகாசி மாதத்தில்தான், எங்கள் செங்குளத்துப்பட்டிக்கு மேற்கே ஆதியிலிருந்து அசையாமல் கிடந்த ஆமைக்கரடு முதல் தடவையாக நகர்ந்தது. நகர்ந்ததை முதலில் கண்டது ஆடுகள். சரிவில் மேய்ந்துகொண்டிருந்தவை, பஸ் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் சாய்வதைப் போல ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பிறகு நிமிர்ந்து, மறுபடி மேயத் தொடங்கின. ஊரும் ஏறக்குறைய அதையேதான் செய்தது.

ஆமைக்கரடு பெரிய மலை ஒன்றும் இல்லை. உச்சியில் கோயில் கிடையாது, அடியில் குகை கிடையாது, சொல்லிக்கொள்ள ஒரு கதைகூடக் கிடையாது. ஏறி இறங்க ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் போதும். அதற்குக் கிழக்கே நாங்கள், மேற்கே மேலப்பாறைக்காரர்கள். சூரியன் அவர்களுக்குக் கரட்டின் தலையில் உதித்தது, எங்களுக்குக் கரட்டின் தலையில் மறைந்தது. இதற்கு மேல் அந்தக் கரட்டால் யாருக்கும் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை.

மெஷினுக்கு மூளையாக இருந்தது டிபன் கேரியர் உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. மோஷன் கண்ட்ரோலர் என்றார்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் நீ எங்கே நிற்கிறாய், எப்போது கிளம்ப வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. பிளாஸ்டிக் தாளை இழுக்க ஒரு மோட்டார், சேமியாவைத் தள்ள ஒன்று, சூடு வைத்து ஒட்ட ஒன்று, வெட்ட ஒன்று. நித்யகல்யாணி லேப்டாப்பைச் சொருகி, மொத்தம் எத்தனை பேர் என்று பெட்டியைக் கேட்டபோது, பெட்டி ஐந்து என்றது. அவள் எழுந்து போய் மோட்டார்களைக் கையால் தொட்டு எண்ணினாள். நான்குதான். பெட்டியை அணைத்துப் போட்டாள், மறுபடி ஐந்து என்றது. ஐந்தாவதுக்கு ஒயரும் இல்லை, பெயரும் இல்லை; ஆனால் தயாராக இருக்கிறேன் என்று பச்சை விளக்குக் காட்டியது. அவளுடைய கம்பெனிக்குப் போன் செய்தாள். ஒயர் இல்லாதது மோட்டாரே இல்லை, நீக்கிவிட்டு வேலையைப் பாருங்கள் என்றார்கள். நீக்கப் போனால், ஐந்து பேரும் ஒரே குடும்பம், ஒருவரை விட்டு மற்றவர் ஓடமாட்டோம் என்கிற மாதிரி மற்ற நான்கும் சிவப்பு விளக்குக்கு மாறின.

தெரியாத மோட்டாரைக் கண்டால் எந்த இன்ஜினியரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். முன்னே போகச் சொல்லும் அம்புக்குறியை லேசாக அமுக்கினாள். மில்லுக்குள் ஒன்றும் அசையவில்லை. பின்னே போகச் சொன்னாள், அப்போதும் அசையவில்லை. மெஷினை ஓட்டப்போகிற ஆபரேட்டர் சலேத்தம்மாள் அந்த நேரம் வாசலில் நின்று கூந்தலை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், எதற்கும் குரல் உயர்த்தாதவள். முடிச்சைப் போட்டு முடித்த பிறகுதான் திரும்பிச் சொன்னாள்:

"கல்யாணி, இன்னொருக்கா அமுக்கு."

அமுக்கினாள்.

"ஆமா. கரடுதான் போகுது."

ஏன் போகிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரே டவுன் பஸ் ஒருநாள் வராமல் நின்றபோது ஏன் என்று கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி ஒரு பதிலும் வாங்கமுடியாத ஊர் இது; ஒரு கரடு வந்து போவதற்கெல்லாம் காரணம் கேட்டு நேரத்தை வீணாக்க எங்களுக்குத் தெம்பில்லை. நாங்கள் கேட்டதெல்லாம், எவ்வளவு தூரம் வரும், எப்போது வரும் என்பதுதான். கிழக்கு மேற்காக ஒரே கோட்டில் வரும், ஒரு மைல் வரைக்கும் போகும் என்று நித்யகல்யாணி கணக்குப் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து மில் வாசலில் ஆள் நிற்கத் தொடங்கியது.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள் மதியத்துக்கு மேல் கரட்டைக் கிட்டே கொண்டுவந்தால் கொடி வாடாது என்றார்கள். சேமியா காய வெயில் வேண்டும், கிட்டே வரவே கூடாது என்றார் முதலாளி அம்மையப்பன். கிரிக்கெட் ஆடும் பையன்கள் பந்து தொலையாமல் இருக்கப் பவுண்டரிக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரன், பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் வெறும் வானமாக இருக்கிறது என்று சொல்லி ஆளனுப்பினான். கரடு போய் நின்றது, தாலி கட்டியதும் திரும்பியது. சண்டை வராமல் இருக்கப் பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணி நேரம் பிரித்துக் கொடுத்தார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, கரட்டுப் புறம்போக்கு அதன் சர்வே நம்பரில்தான் கிடக்க வேண்டும், அரசாங்கச் சொத்து இஷ்டத்துக்கு அலையக்கூடாது என்றார். ஜமாபந்திக்குத் தாசில்தார் வந்த அன்று கரட்டை அதன் நம்பரிலேயே படுக்க வைத்தோம். அவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மோர் குடித்துவிட்டுப் போனார்.

கரடு மேற்கே போன நாட்களில் மேலப்பாறையில் விடியத் தாமதமானது. கோழி கூவுவது தள்ளிப்போய், பசு மடி இறக்குவது தள்ளிப்போய், பால் சொசைட்டி வண்டி வெறும் கேனோடு திரும்பியது. அவர்கள் கம்போடு வந்தார்கள். வந்தவர்கள் பாதி வழியில், கரடு கிடந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்த மண் ஈரமாக இருந்தது. நடுவில் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு ஊற்று கண் திறந்து, சத்தமில்லாமல் பொங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் அள்ளிக் குடித்துப் பார்த்தான். கம்பைக் கீழே போட்டுவிட்டுக் குடம் எடுக்க ஓடினான். எங்கள் பெண்களும் ஓடினார்கள். இரண்டு ஊரிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. இந்தத் தண்ணீரில் பருப்பு மலர்ந்து வெந்தது. அன்றைக்கே இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தன: கரடு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், பழைய இடத்துக்கு மட்டும் திரும்ப வரக்கூடாது.

கரண்டு போனால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை. கரண்டு போனது. பெட்டி அணைந்தது. பிடித்துக்கொள்ள ஆளில்லாத மோட்டார் கையால் சுற்றினாலே சுழலும் என்று நித்யகல்யாணி பிறகு விளக்கினாள். கரடும் அப்படித்தான், கயிறு அவிழ்ந்த பரிசல் மாதிரி லேசாகிவிட்டது. மேல்காற்று அதை மெதுவாகக் கிழக்கே ஊதியது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு ஒரு முழம் முன்னால் அது வந்தபோது கரண்டு வந்தது. தலைமையாசிரியர் பிள்ளைகளுக்கு அரை நாள் லீவு விட்டார். மறுநாள், அவ்வளவு பக்கத்தில் மாதிரி கிடைக்காது என்று, கரடு வரையும் பாடம் நடத்தினார்.

அதற்குப் பிறகு மாரியம்மன் தேர்வடத்தை எடுத்துக் கரட்டின் இடுப்பில் சுற்றினோம். மேலப்பாறைக்காரர்கள் மாதா கோயில் சப்பர வடத்தைக் கொண்டுவந்து அவர்கள் பக்கம் கட்டினார்கள். கரண்டு போனால் மில்லில் கையால் சுற்றுகிற சங்கு ஊதும். ஊதியதும் வீட்டுக்கு ஒருவர் வடம் பிடிக்க வரவேண்டும் என்று ஏற்பாடு. சவரம் பாதியில் நிற்க ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து பிடித்தவர் உண்டு, சீமந்தத்துக்கு அடுக்கிய வளையல்களோடு வந்து பிடித்த பெண் உண்டு. அதிகம் கனக்கவில்லை, மிரண்ட மாட்டைப் பிடிப்பது போலத்தான் இருந்தது. வடம் பிடிக்கிற இடத்தில் ஊர்க்கதை பேசினார்கள், பெண் பார்த்தார்கள், முறுக்கு விற்றார்கள். கரண்டு வந்தால் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நித்யகல்யாணி மட்டும் சிரிக்கவில்லை. சில நாள் வேலை என்று வந்தவள் சலேத்தம்மாள் வீட்டிலேயே தங்கி, சலேத்தம்மாளின் சேலையையே உடுத்திக்கொண்டு, கரட்டின் மேல் ஒரு கண்ணும் மின்சார விளக்கின் மேல் ஒரு கண்ணுமாக இருந்தாள். பல ஊர்களில் பல மெஷின்களை ஓடவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவள் அவள். இந்த ஒரு மெஷினை விட்டு அவளால் சாப்பிடக்கூட நிம்மதியாகப் போகமுடியவில்லை. ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் வீசும் காற்று கூரை ஓடுகளைப் பிரிக்கும் காற்று. அதே மாதத்தில் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. மில் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துவிடும். அந்தக் காற்றில் வடம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். கரட்டுக்கும் அவளுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். தன் இடம் எது என்று தெரியாத மோட்டாரைப் பெட்டி விடாது. இதுதான் உன் இடம் என்று அதற்குக் காட்டிவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு அதை நீக்கிவிடலாம். காட்டுவது எப்படியென்றால், கிடக்கவேண்டிய இடத்தில் ஒரு லிமிட் சுவிட்சை வைக்க வேண்டும். தொட்டால் 'டிக்' என்று மடங்குகிற சின்னக் கைப்பிடி, அவ்வளவுதான். மோட்டார் தேடிக்கொண்டு மெல்ல வரும். சுவிட்சைத் தொட்டதும் நிற்கும். பிறகு அது கரடாகவே இருக்கும்.

ஆனால் எந்த இடம்? பழைய இடத்தில் ஊற்று. அந்தக் கோட்டில் மீதியெல்லாம் யாராவது ஒருவருடைய பட்டா நிலம். கரட்டின் நிழல் எல்லோருக்கும் வேண்டியிருந்தது, கரடு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மாசிலாமணி அந்தக் கோட்டில் மனை பிரித்து, கலர் கல் நட்டு, 'மலைக்காட்சி நகர்' என்று போர்டு வைத்திருந்தார். காட்சி என்றால் பார்ப்பதுதான், மேலே வந்து உட்காருவது இல்லை என்று அவர் கூட்டத்தில் சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை.

அப்போதுதான் சலேத்தம்மாள், என் நிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் நிலம் என்றது ஊற்றுக்கும் ஊருக்கும் நடுவில் கொழுக்கட்டைப் புல் மண்டிக் கிடந்த ஒன்றரை ஏக்கர். அதை என் நிலம் என்று அவள் சொன்னால், இல்லை என்று சொல்ல மேலப்பாறையில் ஓர் ஆள் உண்டு: அவளுடைய கூடப் பிறந்த தம்பி அருளப்பன். அப்பன் எழுதிவைக்காமல் செத்துப்போன அந்த நிலத்துக்காக இருவரும் ஒரு தலைமுறையாகக் கோர்ட்டில் இருந்தார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. கூட்டத்தின் அந்தக் கடைசியிலிருந்து அருளப்பன் எழுந்தான். அவளிடம் பேசாமல், மாசிலாமணியைப் பார்த்து, அது என் நிலம், அதில் கரட்டை வைக்க எனக்குச் சம்மதம் என்றான். அக்காவும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கரடு நகர்ந்ததைவிட அதைத்தான் வீட்டுக்குப் போய் எல்லோரும் சொன்னோம்.

ஆனால் சுவிட்சை யார் பிடிப்பது என்பதில் உடனே சண்டை வந்தது. அவள் பிடித்தால் கரட்டைத் தன் பக்கம் தள்ளி நிறுத்துவாள் என்று அவன் சந்தேகப்பட்டான், அவன் பிடித்தால் தன்னுடைய பங்கில்தான் முழுதும் உட்காரும் என்று அவள் சந்தேகப்பட்டாள். கம்பு நட்டு அதில் சுவிட்சைக் கட்டிவிடலாம் என்று நித்யகல்யாணி எவ்வளவோ சொன்னாள். கம்பை யாராவது மாற்றி நட்டுவிடுவார்கள் என்று இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். முடிவில், இருவரும் சேர்ந்தே பிடிப்பது என்று ஆனது.

மைக் செட் கடைக்கார ஜெபமாலை, திருவிழாவுக்கென்று வைத்திருந்த ஒயர் முழுவதையும் ஒட்டுப்போட்டு நிலத்திலிருந்து மில் வரைக்கும் இழுத்தான். அவசரமாக நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று ஒரு மைக்கையும் அங்கே குத்தி வைத்தான். மில் கூரையில் குழாய் ஸ்பீக்கர். நித்யகல்யாணி கரட்டை மேற்கே கடைசிவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தேடிக்கொண்டு வா என்று பெட்டிக்குச் சொன்னாள். அந்தத் தேடும் வேகத்தைவிட மெதுவாக அதற்கு வரத் தெரியாது. வடங்களை அவிழ்த்துவிட்டோம். ஊற்றின் மேல் போகும்போது தண்ணீர் அழுந்திவிடுமோ என்று இரண்டு ஊர்ப் பெண்களும் கரையில் நின்று பார்த்தார்கள். கரடு கடந்து போனதும், மூடிய கண்ணைத் திறப்பது போல ஊற்று மறுபடி பொங்கியது. மற்ற எல்லோரும் மில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். வெட்டவெளியில், ஒற்றைச் சுவிட்சை ஆளுக்கு ஒரு கையால் பிடித்துக்கொண்டு அக்காவும் தம்பியும் நின்றார்கள்.

வெகுநேரம் ஸ்பீக்கரில் காற்றுதான் கேட்டது. மைக் இருப்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது, அருளப்பனின் குரல் வந்தபோதுதான்.

"ஒம்பக்கம் சாயுது. நேரா பிடி."

"நேராத்தான் இருக்கு."

மறுபடி காற்று.

"காலை மாத்தி மாத்தி நிக்கிற. உக்காரேன்."

"குனிஞ்சு எந்திரிக்க முடியாது. ஆப்ரேசன் பண்ண வயிறு."

"என்ன ஆப்ரேசன்?"

"கர்ப்பப்பை எடுத்தது. ஆச்சு, போன மாசிக்கு முந்தின மாசி."

முற்றத்தில் முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது.

"எனக்கு யாரும் சொல்லல," என்றான் அருளப்பன்.

"நீ யாரையும் கேக்கல."

"ஆசுபத்திரில யாரு இருந்தா?"

"மில்லுப் பிள்ளைக மாத்தி மாத்தி இருந்துச்சுக. கஞ்சிதான். மூணு வேளையும் கஞ்சி."

ஜெபமாலை ஸ்பீக்கரை அணைத்துவிடலாமா என்று நித்யகல்யாணியைப் பார்த்தான். அவளுக்கு அவசரத்துக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. வேண்டாம் என்று தலையசைத்தாள். நாங்கள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டோம். கரடு இப்போது நிலத்தின் மேற்கு வரப்பைத் தாண்டி, புல்லை மடக்கிக்கொண்டு வந்தது. அதன் நிழல் அவர்கள் மேல் ஏறியது.

"அக்கா. நீ போ. நான் பிடிச்சுக்கிறேன்."

"எதுக்கு? ஒம்பக்கம் நிறுத்தவா?"

"எம்பக்கமும் இல்ல, ஒம்பக்கமும் இல்ல. சுவிட்சு வேலை செய்யலேன்னா ஒன்னால ஓட முடியாது. போக்கா."

"நீ மட்டும் ஓடிருவியா? சின்னதுலயே ஓடத் தெரியாது ஒனக்கு. பேசாம பிடி."

அதன் பிறகு கற்கள் உரசும் சத்தம் ஸ்பீக்கரை நிறைத்தது. நித்யகல்யாணி நிறுத்துகிற சிவப்புப் பொத்தானின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்டது. சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து சலேத்தம்மாளின் குரல் வந்தது.

"அருளு, செருப்பு மாட்டிக்கிச்சு."

"இழுக்காத. உருவிட்டு வா. என் செருப்பப் போட்டுக்க."

நித்யகல்யாணி ஐந்தாவது மோட்டாரை நீக்கினாள். நீக்கட்டுமா என்று பெட்டி இரண்டாம் தடவை கேட்டபோது அவள் எழுந்து வாசலுக்குப் போய்க் கரட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னாள். நான்கு மோட்டார்களும் பச்சைக்கு மாறின. அன்று மாலையே கேரளாவுக்குப் போகவேண்டிய ஓணப் பாயசச் சேமியா பாக்கெட் பாக்கெட்டாக விழத் தொடங்கியது. அவள் இரண்டு பெட்டிச் சேமியாவோடும் சலேத்தம்மாளின் மாம்பழக் கலர் சேலையோடும் ஊருக்குப் போனாள். ஆடி வந்தது, காற்று வந்தது, கரண்டு நாள் முழுக்க இல்லை. கரடு கிடந்தது. ஆடுகள் ஏறி மேய்ந்தன. மேலப்பாறையில் கொஞ்சம் முந்தி விடிந்தது, எங்களுக்குக் கொஞ்சம் முந்தி வெயில் தாழ்ந்தது. சங்குச் சத்தம் இல்லாமல் சில பேருக்குச் சாயங்காலம் போகவில்லை.

கேஸ் மட்டும் நின்றபாடில்லை. வாய்தா அன்று அக்காவும் தம்பியும் மெயின் ரோடு வரை நடந்து ஒரே பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள், ஒரே தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் கோர்ட்டு வேப்பமரத்தடியில் சாப்பிட்டார்கள். நிலம் யாருடையது என்று ஜட்ஜ் கேட்டார். தம்பியுடையது என்றாள் அவள். அக்காவுடையது என்றான் அவன். நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கரட்டுக்கு அடியில் என்று இருவரும் சொன்னார்கள். ஜட்ஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். வெளியே வந்ததும் வக்கீல், இனிமேல் இதில் வழக்காட ஒன்றுமில்லை, இருவரும் ஒரு கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வாபஸ் வாங்கிவிடலாம், இந்த அலைச்சல் மிச்சம் என்று எடுத்துச் சொன்னார்.

சலேத்தம்மாள் தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். அருளப்பன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"அதெல்லாம் பிறகு பாப்போம் சார்," என்றான். "அடுத்த வாய்தா எப்ப?"